புதையல் எடுக்க எந்த மெட்டல் டிடெக்டர் பெஸ்ட்? பணத்தைக் கொட்டும் முன் இதைப் படிங்க!

மதகடிப்பட்டு: செவ்வாய்க்கிழமை சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்க விட்டும் பார்ப்பார். அதுக்கப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார். ஆனால் "புதையல் காட்டும் மிஷின்" என்று யாராவது சொன்னால் போதும், பல்லும் கிடையாது, சுழியும் கிடையாது. நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடத் துடிக்கிறார்கள்.

செல்போனைத் திறந்தால் மெட்டல் டிடெக்டர் வீடியோதான். ஒருத்தர் காட்டில் நடக்கிறார், மிஷின் பீப் அடிக்கிறது, தோண்டினால் தங்கக் காசு! ஊரைச் சுற்றிச் சோழர் காலக் கோயில்கள் இருக்கிற மண்ணில் இதைப் பார்த்தால் ஆசை வராமல் இருக்குமா? எந்த மிஷின் எதைக் காட்டும், எதைக் காட்டாது? மாடு பிடிக்கிற மாதிரியே பல்லைப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

சந்தையில் மூணு ரகம்

முதல் ரகம் வி.எல்.எஃப். பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது இதுதான். அமெரிக்காவின் கேரட் ஏஸ் வரிசை, ஃபிஷர், பிரான்சின் எக்ஸ்.பி., துருக்கியின் நோக்டா எல்லாம் இதில் வரும். விலை குறைந்த சீன மிஷின்களும் உண்டு. கீழே இருக்கிற வட்டமான காயில் மண்ணுக்குள் காந்த அலையை அனுப்பும். உலோகம் இருந்தால் பதில் அலை வரும், மிஷின் பீப் அடிக்கும். இரும்பா, வேறு உலோகமா என்று ஓரளவு பிரித்துச் சொல்லும்.

இரண்டாவது பி.ஐ. எனும் பல்ஸ் ரகம். ஆஸ்திரேலியாவின் மைன்லேப் ஜி.பி.எக்ஸ். 5000 இதில் பேர்போனது. இரும்புச் சத்து நிறைந்த செம்மண்ணிலும் உப்பு மணலிலும் சாதாரண மிஷின் சும்மா சும்மா கத்தும். பி.ஐ. அங்கே தாக்குப்பிடிக்கும், ஆழமும் கொஞ்சம் கூடுதல். விலையோ லட்சக்கணக்கில். இரும்பைப் பிரித்துச் சொல்வதில் மட்டும் வீக். அதனால் ஒவ்வொரு ஆணிக்கும் பள்ளம் வெட்ட வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரியான பல அலைவரிசை மிஷின். கடற்கரை ஈர மணலுக்கு இது தோதானது.

மூணாவது ரகம்தான் ஆளை விழுங்குவது. "லாங் ரேஞ்ச்" என்பார்கள். கைப்பிடியில் ஒரு ஆண்டெனா, அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தங்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்புமாம். இது சுத்த டுபாக்கூர்! அப்படித் தங்கத்தைத் தேடிப் பிடிக்கும் அறிவியல் எதுவும் கிடையாது. கையின் லேசான சாய்வில்தான் ஆண்டெனா திரும்புகிறது.

இதே மாதிரி ஆண்டெனா கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் மிஷின் என்று ஈராக்குக்கே விற்றார் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக். பேர் ஏ.டி.இ. 651. வேலை செய்யாத பொம்மை அது. 2013ல் லண்டன் கோர்ட் அவருக்கு 10 வருஷம் ஜெயில் போட்டது. ஒரு நாட்டு அரசாங்கமே ஏமாந்த இடத்தில் நம்ம ஊர் விவசாயி எம்மாத்திரம்?

ஒரு முழம் தாண்டாது!

நல்ல கம்பெனி மிஷினாக இருந்தாலும் ஒரு காசை முக்கால் அடி, மிஞ்சிப் போனால் ஒரு அடி ஆழத்தில்தான் காட்டும். பெரிய பானை, அண்டா என்றால் மூணு நாலு அடி. காரணம் சிம்பிள். ஆழம் இரண்டு மடங்கு ஆனால் திரும்பி வரும் சிக்னல் பாதியாகக் குறையாது, 60ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். "20 அடி, 30 அடி" என்று யார் சொன்னாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் 2020 பிப்ரவரியில் 505 தங்கக் காசுகள் கிடைத்ததே, ஞாபகம் இருக்கா? எடை 1.716 கிலோ. சுமார் 7 அடி ஆழத்தில் ஒரு பாத்திரத்துக்குள் இருந்தது. காட்டிக் கொடுத்தது எந்த டிடெக்டரும் இல்லை, மண் வெட்டிய தொழிலாளர்களின் மண்வெட்டி.

இன்னொரு சங்கதி. மிஷினுக்குத் தங்கம் என்று தனியாகத் தெரியாது. சின்னத் தங்க மோதிரமும் கூல்டிரிங்ஸ் டின்னின் மூடி வளையமும் அதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால் நிஜத்தில் அதிகம் கிடைப்பது பாட்டில் மூடி, ஆணி, அலுமினியத் துண்டு.

கனவை நம்பித் தோண்டிய கதையும் உண்டு. உத்தரப் பிரதேசம் உன்னாவ் மாவட்டம் தாவுண்டியா கேராவில் 1,000 டன் தங்கம் புதைந்திருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். 2013 அக்டோபரில் மத்திய தொல்லியல் துறையே தோண்டியது. ஒரு குண்டுமணி தங்கம் கூட வரவில்லை.

பீப் அடிக்காத புதையல்

நம்ம மண்ணின் பெருமை எதில் இருக்கிறது? அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1945ல் மார்டிமர் வீலர் தோண்டி, ரோம் நாட்டோடு இங்கே வியாபாரம் நடந்ததை உலகத்துக்குச் சொன்னார். அவருக்குச் சாட்சியாக நின்றவை உடைந்த பானை ஓடுகள். அந்த இடம் பாசிமணிக்கும் பேர்போனது. ஓட்டுக்கும் மணிக்கும் எந்த டிடெக்டரும் பீப் அடிக்காது! ஆனால் காசு தேடி ஒருத்தர் குழி வெட்டினால் அந்த ஓடெல்லாம் நொறுங்கி, எந்த அடுக்கில் எது இருந்தது என்ற கணக்கே அழிந்துபோகும்.

பாகூரில் 1879ல் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகள் இன்னொரு பாடம். நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு 3 கிராமங்களைக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே பாகூரில் காலேஜ் மாதிரி ஒன்று நடந்தது என்று நமக்குச் சொன்னது அந்தச் செம்புத் தகடுதான். அதே தகடு இன்னைக்கு ஒரு புதையல் பார்ட்டி கையில் சிக்கினால்? தங்கம் இல்லை என்று தெரிந்ததும் எடைக்குப் போயிருக்கும்.

கிடைச்சா யாருக்குச் சொந்தம்?

சரி, அதிர்ஷ்டம் அடித்துக் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 1878ஆம் வருஷத்து புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தகவல் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். சொந்தக்காரர் இல்லாத புதையல் என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு கிடைக்க வழி உண்டு. அரசே எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். ஆக, முறைப்படி சொன்னவருக்குப் பணம், ஒளித்தவருக்குக் கம்பி.

மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர் கோயில், அரிக்கமேடு மாதிரி மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் என்றால் கதையே வேறு. அங்கே சேதம் செய்தால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

டிடெக்டர் பொழுதுபோக்கு கொடிகட்டிப் பறக்கும் இங்கிலாந்திலும் இதே நியாயம்தான். 2009ல் ஸ்டாஃபோர்டுஷயர் வயலில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் சுமார் 4 கிலோ தங்கப் பொருள்களைக் கண்டெடுத்துத் தகவல் சொன்னார். மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. அவரும் நிலத்துக்காரரும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். 2015ல் ஹியர்ஃபோர்டுஷயரில் வேறு இருவர் கிடைத்ததை மறைத்து விற்றார்கள். 2019ல் ஒருவருக்கு 10 வருஷம், இன்னொருவருக்கு எட்டரை வருஷம் தண்டனை விழுந்தது. அப்பீலில் குறைந்தாலும் ஜெயில் ஜெயில்தான்.

அப்போ எதைத்தான் வாங்கலாம்?

வயலில் தொலைந்த தாலிக் குண்டு, களத்தில் விழுந்த மோதிரம், புதைந்துபோன இரும்புக் குழாய் தேடணும்னா சாதாரண வி.எல்.எஃப். போதும். வாங்கும் முன் நம்ம கண் எதிரிலேயே ஒரு ரூபாய்க் காசை அரை அடி ஆழத்தில் புதைத்து, மிஷினைக் காட்டச் சொல்லணும். அப்புறம் ஒரு ஆணியையும் புதைச்சுப் பார்க்கணும். கடைக்காரர் தயங்கினால் அந்த மிஷின் வேண்டாம். லட்சத்தைக் கொட்டி பி.ஐ. வாங்குவது நம்ம ஊருக்குத் தேவையில்லாத செலவு. ஆண்டெனா ரகமோ, "பாதிப் பணம் கொடு, நானே வந்து எடுத்துத் தர்றேன்" என்கிற ஆளோ வந்தால் போலீசுக்குப் போன் போடுவதுதான் நல்லது.

பல் பார்க்காமல் வாங்கிய மாடு வாங்கினவனையே முட்டும். மிஷினும் அப்படித்தான்!