ஏழாவது ஆட்டமும் ரீசெட் பொத்தானும்

ஐஸ் ஹாக்கியில் கோப்பை ஒரே நாளில் முடிவாகிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் என்எச்எல் லீகில் கடைசிவரை வருகிற இரண்டு அணிகளும் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் மோத வேண்டும். யார் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு ஸ்டான்லி கோப்பை. அதற்கு முன்பும் மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் இதே மாதிரி ஏழு ஆட்டத் தொடர். ஆக, கோப்பையைத் தூக்கப் பதினாறு வெற்றிகள் வேண்டும். பல் உடைந்து, விரல் முறிந்து, இரண்டு மாதம் இப்படி அடித்துக்கொள்வார்கள்.

இந்த அமைப்பை அப்படியே வீடியோ கேமுக்குள் கொண்டுவந்தபோது, நிஜ ஆட்டத்தில் இல்லாத ஒரு பொருளும் கூடவே வந்தது. சேகா ஜெனிசிஸ் பெட்டியின் தலையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான். ரீசெட்.

ஹாக்கி கேமில் ஆடப்படும் ஒரு இறுதித் தொடர் உண்மையான நாடகமா, வெறும் பொழுதுபோக்கா என்ற கேள்விக்கான பதில் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் எவ்வளவு நன்றாக இருக்கிறது, வீரர்களின் முகம் அச்சு அசலாக இருக்கிறதா, வர்ணனையாளர் என்ன பேசுகிறார் என்பதெல்லாம் அப்புறம். தோற்கும்போது அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பவருக்கு மட்டுமே ஏழாவது ஆட்டம் என்று ஒன்று கிடைக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது, ஜெயிக்கும்வரை திரும்பத் திரும்ப ஆடப்பட்ட ஒரு ஆட்டம். இரண்டும் ஒன்றல்ல.

உதாரணத்துக்கு என்எச்எல் 94. ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. இந்த வரிசையின் முதல் கேமான என்எச்எல் ஹாக்கியில் (1991) அணிகளின் பெயர் உண்டு, வீரர்களின் பெயர் கிடையாது. அடுத்து வந்த என்எச்எல்பிஏ ஹாக்கி 93-ல் வீரர்கள் பெயரோடு வந்தார்கள், ஆனால் லீகின் அனுமதி இல்லாததால் அணிப் பெயர்கள் போய்விட்டன. இரண்டும் சேர்ந்து வந்தது 94-ல்தான். கூடவே, வரும் பக்கை (அந்த ரப்பர் வில்லைக்கு அதுதான் பெயர்) நிறுத்தாமல் அப்படியே அடிக்கும் 'ஒன் டைமர்' வந்தது. முந்தைய கேமில் இருந்த குத்துச்சண்டை காணாமல் போனது. இதற்காக இன்னும் வருத்தப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள் :-)

முப்பது வருடம் தாண்டியும் இந்த கேமை விடாமல் ஆடுகிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் புது வீரர்களின் பட்டியலைப் பழைய கேமுக்குள் திணித்து, தங்களுக்குள் லீக் நடத்தி ஆடுகிறவர்கள் உண்டு. 2020-ல் ஈஏ நிறுவனமே அன்றைய அணிகளைப் போட்டு 'என்எச்எல் 94 ரீவைண்ட்' என்று மறுபடி வெளியிட்டது. இவ்வளவு பாசத்துக்குக் காரணம் அந்த கேம் நியாயமானது என்பதல்ல. ஜெனிசிஸ் பதிப்பில் ஒரு பிரபலமான பிழை இருக்கிறது. எடை குறைந்த வீரர் மோதினால் எடை கூடியவர் விழுவார்! நிரலில் எங்கோ கணக்கு தலைகீழாகிவிட்டது. கால்கரி அணியின் தியோ ஃப்ளூரி போன்ற சின்ன உருவக்காரர்கள், பனைமரம் மாதிரி நிற்கும் தடுப்பாட்டக்காரர்களைப் பந்தாடுவார்கள். இதற்கு மேல் 'சூடு', 'குளிர்' என்று ஒரு ஏற்பாடு வேறு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரர்களின் திறன் கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். நேற்று மூன்று கோல் போட்ட ஆள் இன்று கட்டைக்காலோடு சறுக்குவது போல இருப்பார்.

ஒரே ஒரு ஆட்டம் என்றால் இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம். தொடர் என்றால் கதை வேறு. இன்று குளிர்ந்தவர் நாளை சூடாகலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

ஒருவர் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியை எடுத்து ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1992-93 பருவத்தில் அந்த அணி 84 ஆட்டங்களில் 11-ல் ஜெயித்து 71-ல் தோற்றது. கேமிலும் அவர்களுக்குச் சோப்ளாங்கி அணி என்ற இடம்தான். எதிரே சிகாகோ, அதாவது ஜெரமி ரோனிக். கேம் உலகில் ரோனிக் ஒரு தெய்வம். 1996-ல் வந்த 'ஸ்விங்கர்ஸ்' படத்தில் நண்பர்கள் இந்த கேம் வரிசையை ஆடும் காட்சியில்கூடப் பேச்சு அவரைப் பற்றித்தான். முதல் மூன்று ஆட்டமும் போயிற்று. நான்காவதில் எப்படியோ ஒரு வெற்றி. ஐந்தாவதும். ஆறாவது ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரம், அதில் கோல் வாசலில் கோலியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறு மூலையில் தள்ளிய ஒரு கோல். தொடர் 3-3. இப்போது ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடம், ஒரு கோல் பின்தங்கிய நிலை. கை தானாக அந்தப் பொத்தானை நோக்கிப் போகும். ஏனென்றால் பழைய கேம்கள் பலவற்றில் முடிவு பதிவாவது ஆட்டம் முடிந்த பிறகுதான். அதற்குள் அணைத்துவிட்டால் தோல்வி நடக்கவே இல்லை!

இதற்குத் தமிழில் ரொம்பப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, அழுகுணி ஆட்டம். தெருவில் கோலி ஆடும்போது செய்தால் அடுத்த நாள் ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். இயந்திரத்தோடு ஆடும்போது கேட்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதில் ஏமாறுவது யார்? இயந்திரத்துக்கு இழப்பு எதுவும் இல்லை. இழப்பு அந்த நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களுக்குத்தான். சம பலமுள்ள இரண்டு பேர் ஆடினால் தொடர் ஏழாவது ஆட்டம்வரை போக 31.25 சதவீத வாய்ப்பு, அதாவது பதினாறில் ஐந்து. 0-3 என்று பின்தங்கியவர் நான்கையும் ஜெயிக்கப் பதினாறில் ஒன்று. அப்படி அரிதாக இருப்பதால்தான் அதற்கு விலை. ரீசெட் கையில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் காலி. எல்லாத் தொடரும் ஜெயிக்கப் போகிற தொடர்தான், எத்தனை முறை முயல்வது என்பதில் மட்டும் வித்தியாசம். அப்புறம் அந்தக் கூடுதல் நேர கோலுக்கு என்ன அர்த்தம் மிச்சம் இருக்கும்?

இங்கே ரீசெட் கட்சிக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "கம்ப்யூட்டர் மட்டும் நியாயமாகவா ஆடுகிறது?" என்பார்கள். முன்னிலையில் இருந்தால் திடீரென்று எதிரணி கோலிக்கு எட்டுக் கை முளைப்பதும், கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு கோல் விழுவதும் ஹாக்கி கேம் ஆடிய எல்லோருக்கும் பழக்கமான புகார். இது வெறும் புலம்பல் என்றும் தள்ள முடியாது. ஆட்டத்தின் கடினத்தைப் போகிற போக்கில் கூட்டிக் குறைக்கும் ஒரு நுட்பத்துக்கு ஈஏ நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது. 2020-ல் இது தொடர்பாகக் கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். அந்த நுட்பத்தைத் தங்கள் விளையாட்டு கேம்களின் அல்டிமேட் டீம் பகுதிகளில் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது, 2021-ல் வழக்குத் தொடுத்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சந்தேகம் மட்டும் போகவில்லை, போகவும் போகாது. தோற்றவனுக்கு அது தேவைப்படுகிறது.

சரி, கம்ப்யூட்டர் போங்கு அடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் ரீசெட் நியாயமாகிவிடுமா? நிஜ ஹாக்கி மட்டும் என்ன தராசில் நிறுத்தி நடக்கிறதா? 1993 இறுதித் தொடரைப் பாருங்கள். மொன்ட்ரியாலும் லாஸ் ஏஞ்சலீசும் மோதின. முதல் ஆட்டம் லாஸ் ஏஞ்சலீசுக்கு. ஜூன் 3 அன்று இரண்டாவது ஆட்டத்திலும் அவர்கள் 2-1 என்று முன்னிலை, மிச்சம் ஒரு நிமிடம் 45 விநாடி. அப்போது மொன்ட்ரியால் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ் நடுவரைக் கூப்பிட்டு, எதிரணியின் மார்ட்டி மெக்சோர்லியின் ஹாக்கி மட்டையை அளக்கச் சொன்னார். மட்டையின் வளைவு விதி அனுமதித்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. மெக்சோர்லி தண்டனைப் பெட்டிக்குப் போனார். டெமர்ஸ் அதோடு விடவில்லை, கோலியையும் வெளியே எடுத்து இன்னொரு ஆளை இறக்கினார். எரிக் டெஜார்டின் சமன் செய்தார், கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்திலேயே அவரே வெற்றி கோலையும் போட்டார். அன்றைக்கு மொன்ட்ரியாலின் மூன்று கோலும் அவருடையதுதான். 0-2 ஆகியிருக்க வேண்டிய தொடர் 1-1 ஆனது, கடைசியில் மொன்ட்ரியால் 4-1 என்று கோப்பையைத் தூக்கியது.

மெக்சோர்லிக்கு ரீசெட் இல்லை. அந்த மட்டையோடுதான் அவர் பெயர் இன்றுவரை பேசப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் வந்த என்எச்எல் 94-ல் மட்டையை அளக்கச் சொல்லும் வசதி கிடையாது. நிஜ ஆட்டத்தின் நாடகம் எந்த மூலையிலிருந்து வரும் என்று கேம் செய்கிறவர்களால் முழுதாக ஊகிக்கவே முடியாது. எழுதி வைத்த விதிகளுக்குள் மட்டுமே ஓடுகிற ஒரு பொருளில் நாடகம் வேண்டுமென்றால், அதை ஆடுகிறவர்தான் கொண்டுவர வேண்டும். தோல்வியை ஒப்புக்கொள்வேன் என்று முன்கூட்டியே தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் வாக்குதான் அவரிடம் இருக்கிற ஒரே முதலீடு.

இரண்டு பேர் ஆடினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் விடமாட்டான். (தெரியாமல் கால் பட்டு ஒயர் பிடுங்கிக்கொள்வது தனிக் கலை.) ஒரு வாரம் முழுக்க, இரவுக்கு ஒரு ஆட்டம் என்று இரண்டு நண்பர்கள் ஏழு ஆட்டத் தொடர் ஆடினால், பகலில் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் பேசிக்கொள்கிற தொனியே மாறிவிடும். ஒருவன் எந்த மூலையில் அடிப்பான் என்று மற்றவனுக்கு மூன்றாவது ஆட்டத்தில் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டது என்று இவனுக்கு நான்காவதில் தெரிந்துவிடும். அதன்பிறகு நடப்பது ஹாக்கி என்பதைவிடச் சதுரங்கத்துக்குப் பக்கத்தில் வரும்.

இன்னொரு கூட்டம் உண்டு. முதல் மூன்று சுற்றுகளைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளட்டும் என்று 'சிமுலேட்' போட்டுவிட்டு, இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தை மட்டும் கையில் எடுப்பவர்கள். கல்யாணத்துக்கு வராமல் பந்திக்கு மட்டும் வருகிற மாதிரி. ரீசெட் ஆட்களாவது ஆடுகிறார்கள்!

2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் என்எச்எல் பருவம் நின்றபோது, நடக்காமல் போன ஆட்டங்களைக் கேமில் ஓடவிட்டுக் காட்டினார்கள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் ஆடிய அந்த ஆட்டங்களின் முடிவு இன்று யாருக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். தோற்க ஆளில்லாத இடத்தில் ஜெயித்தது யார் என்று யார் கவலைப்படப் போகிறார்கள்? ஆகஸ்டில் டொராண்டோவிலும் எட்மன்டனிலும் ஆளில்லா அரங்குகளில் நிஜ ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது நடந்ததுதான் அழகு. காலி நாற்காலிகளுக்கு முன் ரசிகர் கூச்சல் வேண்டுமே, அதை ஈஏ ஸ்போர்ட்ஸ் கேமின் ஒலிகளிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அசல் ஆட்டம், கேமிடம் கடன் வாங்கிய ஆரவாரம்.

ஜெரமி ரோனிக்குக்கு வருவோம். 513 கோல்கள் போட்ட அந்த மனிதர் ஒருமுறைகூட ஸ்டான்லி கோப்பையை ஜெயித்ததில்லை. 1992-ல் சிகாகோவுக்காக இறுதித் தொடர்வரை வந்து, பிட்ஸ்பர்கிடம் 0-4 என்று தோற்றார். 2024-ல் ஹாக்கியின் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது, கோப்பை கிடைக்கவில்லை. அவரை வைத்து வீட்டு வரவேற்பறைகளில் கோப்பை ஜெயித்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. அதில் எத்தனை பேர் ரீசெட்டைத் தொடாமல் ஜெயித்தார்கள் என்பது அவரவருக்கு மட்டும் தெரியும்.

அதே 2024-ல் எட்மன்டன் ஆயிலர்ஸ் இறுதித் தொடரில் ஃபுளோரிடாவிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. அதற்குப் பிறகு 8-1, 5-3, 5-1 என்று மூன்று வெற்றிகள். இறுதித் தொடரில் 0-3-லிருந்து எழுந்து கோப்பையையே ஜெயித்தது 1942-ல் டொராண்டோ மட்டும்தான். 1945-ல் டெட்ராய்ட் 3-3 வரை வந்து ஏழாவதில் தோற்றது. ஜூன் 24 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தில் எட்மன்டனும் 1-2 என்று தோற்றது. பிளேஆஃப் சுற்றுகளின் மிகச் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது தோற்ற அணியின் கானர் மெக்டேவிடுக்கு அறிவிக்கப்பட்டது. அதை வாங்கிக்கொள்ள அவர் பனித்தளத்துக்கு வரவில்லை. கேமில் அந்த அறிவிப்பு வரும்போது ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், திரை மாறி மறுபடியும் அணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.