தோல் இருக்கு, ஆனா இல்ல!

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எத்தனை ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட்டிப் பார்த்தீங்க? "என் லேப்டாப்ல ஓடுதே" என்பதுதான் பதில் என்றால், ரெண்டு நிமிஷம் இதைப் படிங்க.

எங்க டீம் ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட்டுக்காக ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினோம். ஸ்கேன் செய்த பில்கள் ஃபோல்டரில் இருக்கா, கடைசியா எப்போ மாறுச்சு என்று பார்த்து லிஸ்ட் போடணும். அவ்வளவுதான். இதுக்கு ஸ்டாட்() போதும். ஃபைல் இருக்கா, சைஸ் என்ன, எப்போ மாறியது எல்லாம் சொல்லிவிடும். என் மேக்கில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். அங்கிருந்த லினக்ஸ் சர்வரில் போட்டதும், 'ஆம்பூர்' ஃபைல் இருக்கு, 'தோல்' ஃபைல் இல்லை என்றது. ஃபோல்டரைத் திறந்தால் கண் முன்னாடி 'தோல்' இருக்கு! அதற்குள் பில் பார்க்கும் அக்கா, "நான்தான் சேவ் பண்ண மறந்துட்டேன் போல" என்று மறுபடி ஸ்கேன் பண்ணிட்டாங்க. இப்போ ஒரே ஃபோல்டரில் ரெண்டு 'தோல்'.

காரணம் இதுதான். யூனிகோடில் 'தோ' எழுத ரெண்டு வழி உண்டு. 'த'வுக்குப் பின் 'ோ' என்று ஒரே குறி போடலாம். அல்லது 'ே', 'ா' என்று ரெண்டு குறி போடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூடிஎஃப்-8இல் 'தோல்' முதல் வழியில் 12 பைட், ரெண்டாவது வழியில் 15 பைட். ஒரே ஷூவுக்கு யூகே 8, ஈயூ 42 என்று ரெண்டு நம்பர் போடுவோமே, அந்த மாதிரி. ரெண்டும் ஒண்ணுதான் என்று ஷூ யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும். லினக்ஸுக்குத் தெரியாது, அது பைட்டை மட்டும்தான் பார்க்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் அவற்றை வேறு வேறு ஃபைலாகவே வைக்கும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ பெயரைப் பிரித்தே சேமிக்கும். 2017-ல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், தேடும்போது மட்டும் ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கொள்ளும். அதனால்தான் என் மேக்கில் பிழை தெரியவே இல்லை. சர்வரில் இருந்த ஃபைல்கள் ஒரு பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்தவை. எங்க டேட்டாபேஸில் இருந்த பெயர்கள் விண்டோஸில் டைப் பண்ணியவை.

"ஃபைல் பேரை இங்கிலீஷ்ல வைக்கச் சொல்லு, வேலை முடிஞ்சுது" என்று சிலர் சொன்னாங்க. நான் ஒத்துக்கல. நானும் இங்கிலீஷ் மீடியம்தான். என் டெஸ்ட் ஃபைல்களுக்கு டெஸ்ட்1, டெஸ்ட்2 என்றுதான் பெயர். அதுதான் பிரச்சினையே. பயன்படுத்துறவங்க எழுதும் பெயரை வைத்து நான் டெஸ்ட் பண்ணவே இல்லை. ஐரோப்பிய மொழிகளில் புள்ளி வைத்த எழுத்துகளுக்கும் இதே தொல்லை உண்டு. அதுக்காக கிட் 2012-ல் மேக்குக்குத் தனி செட்டிங் சேர்த்தது. அங்கே கோடில்தான் சரிசெய்தார்கள். நம்ம கோடிலும் அதைச் செய்யலாமே?

பெயர் மட்டுமில்ல. பைத்தானில் ஸ்டாட் தரும் 'சிடைம்' விண்டோஸில் ஃபைல் உருவான நேரம்; லினக்ஸில் பெர்மிஷன் மாற்றினாலும் மாறும் நேரம். ஃபேட்32 பென்டிரைவில் ஃபைல் மாறிய நேரம் 2 செகண்டு கணக்கில்தான் பதிவாகும். லினக்ஸின் இஎக்ஸ்டி4-ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும்.

என்ன செய்யலாம்? கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பப்ளிக் ரெப்போவுக்கு லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமா டெஸ்ட் ஓட்டலாம். டெஸ்ட் ஃபைல்களுக்கு தோல், தொழிற்சாலை, வௌவால் என்று பெயர் வையுங்க. பெயரை ஒப்பிடும் முன் ரெண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்க. ஆனா ஃபைலைத் திறக்கும்போது ஃபோல்டர் கொடுத்த பெயரையே பயன்படுத்துங்க. ஒரு எச்சரிக்கை: 'ௌ'வுக்குப் பதில் யாராவது 'ெ', 'ள' என்று டைப் பண்ணியிருந்தால், என்எஃப்சி அதைச் சரிசெய்யாது.

அந்த அக்காகிட்ட போய் சாரி சொன்னோம். அவங்க எதையும் மறக்கல. அடுத்த முறை ஸ்டாட் 'இல்லை' என்று சொன்னால், யாரையும் மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி உங்க கோடைச் சந்தேகப்படுங்க.