பாடும் பந்தும்

2019-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கால்பந்திற்குப் பொன்னாண்டு என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு மார்ச்சு 9-ஆம் நாள், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில், முதற் கோலைத் தம்மேல் வாங்கியும் மனந்தளராத சென்னை சிட்டி குழுவினர், மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று ஐ-லீக் கோப்பையைக் கைக்கொண்டனர். 20 ஆட்டங்களின் முடிவில் அவர்க்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மே திங்களில் லூதியானாவில், மதுரைச் சேது மகளிர் குழு மணிப்பூர்ப் போலீஸ் குழுவை வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொணர்ந்தது.

ஆயினும், 2021-க்குப் பின் சென்னை சிட்டி அத்தொடரில் ஆடவில்லை. காரணம் பலவாகலாம். யாம் காணும் குறை ஒன்று: கோப்பை வந்தது, ஊர்தோறும் ஆட்டம் வரவில்லை. கிளையில் பழுத்த கனியைக் கொண்டாடிய நாம் வேருக்கு நீர் வார்த்தோமில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் சென்று பாருங்கள். அங்கே மாலைதோறும் சிறுவர் மணலில் வெறுங்காலோடு பந்துதைக்கின்றனர். திறனுக்குக் குறைவில்லை, முறைப்படி ஆடும் தொடர்தான் வேண்டும். முறை என்பதோ அவர்க்குப் புதிதன்று. ஏரியில் நல்ல மீன்பிடியிடத்தை வலியவனே என்றும் கொள்ளாதபடி, அவரவர் முறைவைத்து வலையிடும் 'பாடு' என்னும் வழக்கம் அவர் முன்னோர் கண்டது. ஒவ்வொரு குழுவும் மற்றெல்லாக் குழுக்களோடும் சொந்த மண்ணிலும் அயல் மண்ணிலும் ஆடும் லீக் முறையின் நியாயமும் இதுவேயன்றோ?

ஒரு வேற்றுமை உண்டு. பாட்டில் உரிமையுடையார்க்கே இடமுண்டு. உரிமையற்றார் கரையில் நிற்பர். அதனால் எழுந்த பிணக்குகளும் உள. ஆடுகளத்தில் அந்த வரம்பு வேண்டா. எக்குப்பத்தார்க்கும், எச்சமயத்தார்க்கும், பெண்மக்களுக்கும் அங்கே இடமிருத்தல் வேண்டும்.

பசித்தவர்க்குப் பந்தா என்று சிலர் வினவுவர். வலையும் படகும் முதலில் வேண்டுமென்பது மெய்யே. ஆனால் உழைப்பவன் மகனுக்கு உழைப்பு மட்டுமே போதும் என்பது அறமாகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலிற் செல்லலாகாது. கரையோரத்தில் வேலை குறைந்த அக்காலமே தொடருக்கு ஏற்றது. வெயில் தாழ்ந்தபின் ஆடலாம். கல்லூரி மாணாக்கராகிய நமக்கும் அது பெரும்பாலும் விடுமுறைக்காலம். கோடு கிழிக்கவும், ஊதுகுழல் ஏந்தவும், புள்ளிக் கணக்கு எழுதவும் கற்றவர் வேண்டும். நண்பர்களே, கோப்பை வென்ற நாளில் கைதட்டிய நாம் இவ்வேலைக்கு வருவோமா?