ஊசி என்ன ஆயுதமா?

காஸா குழந்தைகளுக்கான சிரிஞ்சுகளைத் தடுத்து வைத்திருக்கும் முடிவை 'நிர்வாகத் தாமதம்' என்று சொல்லி இனியும் கடந்து போக முடியாது. போர்நிறுத்தம் 2025 அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம் கழிந்தபின், நவம்பர் 11 அன்று, யுனிசெஃப் உலகத்துக்குச் சொன்ன செய்தி இது: 16 லட்சம் சிரிஞ்சுகளும், தடுப்பு மருந்துகளைக் கெடாமல் காக்கும் சூரியசக்திக் குளிர்பதனப் பெட்டிகளும் ஆகஸ்ட் மாதத்திலிருந்து அனுமதிக்காகக் காத்துக் கிடக்கின்றன. இஸ்ரேலின் கணக்கில் இவை 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்'. நோயாளிக்கும் உதவும், ஆயுதம் ஏந்தியவருக்கும் உதவும் என்ற சந்தேகத்தின் பேரில் கடவையில் நிறுத்தப்படுபவற்றுக்கு வைத்த பெயர் அது. அந்தப் பட்டியலுக்குள் சிரிஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் செய்தது பெரும் பிழை.

போர் தொடங்குவதற்கு முன் காஸாவில் 98 விழுக்காடு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பணக்கார நாடுகள் பலவும் எட்டாத அளவு அது. இரண்டாண்டுப் போரில் அது 70 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. மூன்று வயதுக்குட்பட்ட 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போலியோ, தட்டம்மை, நிமோனியா தடுப்பூசிகள் தவறிப்போயின. குண்டுச் சத்தத்தில் பிறந்து, கூடாரத்தில் தவழ்ந்து, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டு வளரும் குழந்தைகள் அவர்கள். விடுபட்ட ஊசிகளை மூன்று சுற்றுகளில் போட்டு முடிக்கும் பணி நவம்பர் 9 அன்று தொடங்கியது. கையில் இருப்பதை வைத்துத் தொடங்கிவிட்டார்கள். மிச்சத்துக்குத் தேவையானதுதான் எல்லைக்கு அப்பால் முடங்கிக் கிடக்கிறது.

ஒரு சிரிஞ்சைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். பேசித்தான் ஆக வேண்டும். தடுப்பூசித் திட்டங்களுக்கு அனுப்பப்படும் சிரிஞ்சு எப்படிப்பட்டது என்பதைச் செவிலியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஒருமுறை மருந்தை ஏற்றி அழுத்தியதும் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். மறுபடி இழுத்தால் வராது. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டு நோய் பரவக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். 1999-இலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூடி, தடுப்பூசிக்கு இந்த வகைச் சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும் என்று முடிவெடுத்தன. பெரும்பாலும் அரை மில்லி மருந்துதான் அதில் பிடிக்கும். காசநோய்த் தடுப்பூசிக்கான சிரிஞ்சில் அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது முறைக்கே பயன்படாத ஒரு பொருளுக்கு இரண்டாவது பயன்பாடு இருக்கிறது என்கிறது அந்தப் பட்டியல். எந்தப் போர்க்களத்தில், எந்த ஆயுதத்தில், யார் கையில் இந்தச் சிரிஞ்சு ஆபத்தாகும்? இந்தக் கேள்விக்கு நாம் அறிய இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

சிரிஞ்சு வராவிட்டால் மருந்து மட்டும் வந்து பயனில்லை என்பதையும் பட்டியல் எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். தட்டம்மைத் தடுப்பு மருந்து பொடியாக வருகிறது. அதைக் கரைக்க ஒரு சிரிஞ்சு வேண்டும், குழந்தையின் உடலில் செலுத்த இன்னொன்று வேண்டும். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். மருந்துப் புட்டியை உள்ளே விட்டு, ஊசியை வெளியே நிறுத்தினால், அந்த மருந்து எந்தக் குழந்தைக்கும் சேராது. தட்டம்மையோ கூடாரம் கூடாரமாகத் தாவக்கூடியது. ஒட்டி ஒட்டி வாழும் மக்களிடையே, சத்துணவில்லாத பிஞ்சு உடல்களில் அது புகுந்தால் என்ன நடக்கும் என்பதை அறிய மருத்துவப் பட்டம் தேவையில்லை. நம் பாட்டிமார்களுக்கே தெரியும்.

நம்மூரில் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் தோளில் ஒரு சிறு பெட்டி தொங்கும். உள்ளே பனிக்கட்டி உறைகள், நடுவில் மருந்துப் புட்டிகள், பக்கத்தில் சிரிஞ்சுகள். ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய அந்தப் பெட்டிதான் ஒரு தலைமுறையை இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீட்டது. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்துக்குள் இருக்க வேண்டும். மின்சாரமே அற்றுப்போன காஸாவில் அதற்கு நம்பகமான வழி சூரியசக்திக் குளிர்பதனப் பெட்டி. அதுவும் பட்டியலில் இருக்கிறது. குழந்தைகளுக்கான, அப்படியே கொடுக்கக்கூடிய பால் புட்டிகள் 9,38,000 உள்ளே விடப்படவில்லை என்றும் அதே நாளில் யுனிசெஃப் சொன்னது. கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டார்கள். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தத் தேதி நெருங்கிக்கொண்டே வருகிறது.

உணவுக்கும் குடிநீருக்கும் மருத்துவப் பொருள்களுக்கும் தடையே இல்லை என்று இஸ்ரேலிய அதிகாரிகள் இதற்கு முன் பலமுறை விளக்கம் தந்திருக்கிறார்கள். உதவிப் பொருள்களை ஹமாஸ் திருடுகிறது என்றும் சொல்கிறார்கள். ஹமாஸ் அதை மறுக்கிறது. அந்த வழக்கை இங்கே நாம் விசாரிக்கவில்லை. தடை இல்லை என்பது உண்மையானால் ஆகஸ்டில் வந்த பெட்டி நவம்பரிலும் ஏன் அதே இடத்தில் நிற்கிறது? திருட்டுதான் அச்சம் என்றால், ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சைத் திருடி என்ன செய்வார்கள்? சோதிக்க வேண்டுமா, சோதிக்கட்டும். பெட்டியைப் பிரித்து எண்ணட்டும். 16 லட்சத்தையும் எண்ணினாலும் மூன்று மாதம் ஆகாது.

மனமிருந்தால் முடியும் என்பதை இஸ்ரேலிய அதிகாரிகளே ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் காஸாவின் கழிவுநீரில் போலியோக் கிருமி தென்பட்டது. அடுத்த மாதமே பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் முடங்கியது. 25 ஆண்டுகளுக்குப் பின் அங்கே வந்த முதல் போலியோ அது. உலகம் பதறியது. செப்டம்பர் 1 அன்று தொடங்கி, பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தி, சுமார் 5,60,000 குழந்தைகளுக்கு முதல் சுற்றிலேயே மருந்து கொடுக்கப்பட்டது. மருந்தும் வந்தது, அதைக் குளிராக வைக்கும் சாதனங்களும் வந்தன. போர் உச்சத்தில் இருந்தபோது திறந்த வழி, போர்நிறுத்தம் வந்தபின் ஏன் அடைபடுகிறது? அன்று கொடுத்தது வாயில் விடும் சொட்டு மருந்து. தட்டம்மைக்கும் நிமோனியாவுக்கும் சொட்டு மருந்து இல்லை. ஊசிதான் வேண்டும்.

இது இவர்களின் முதல் பிழையாக இருந்திருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டோம். 2024 மார்ச்சில் ஒரு லாரி முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது. குழந்தைகளுக்கான மருத்துவப் பெட்டிகளில் கத்தரிக்கோல் இருந்தது என்பதே காரணம் என்று ஐ.நா. நிவாரண அமைப்பின் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்பு ரஃபா கடவைப் பக்கம் போன அமெரிக்க செனட்டர்கள் இருவர், நிராகரிக்கப்பட்ட பொருள்கள் குவிந்த கிடங்கைக் கண்டு திரும்பினார்கள். ஆக்சிஜன் உருளைகள், மின்னாக்கிகள், கூடாரங்கள், பிரசவம் பார்க்கும் மருத்துவப் பெட்டிகள் அங்கே கிடந்தன. ஒரு பொருளுக்கு மறுப்பு வந்தால் லாரியே திரும்ப வேண்டியிருந்தது. பிறகு 2025 மார்ச் 2 முதல் மே 19 வரை, ஏறத்தாழ பதினொரு வாரம், மருந்து உட்பட எதையுமே உள்ளே விடவில்லை.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 2007-இல் முற்றுகை தொடங்கியபோது எது அனுமதி, எது தடை என்று ஒரு பட்டியலை வெளியிடக்கூட மறுத்தார்கள். இலவங்கப்பட்டைக்கு அனுமதி உண்டு, மல்லிக்கும் சீரகத்துக்கும் ஏலக்காய்க்கும் இல்லை. என்ன நியாயம் என்று கேட்டவர்களுக்கு விளக்கமும் இல்லை. 2009-இல் பாஸ்தா ஏற்றிய லாரிகள் நின்றன. ஒரு வெளிநாட்டு அரசியல்வாதி நேரில் போய்க் கேட்ட பிறகுதான் அவை நகர்ந்தன. 2010 மே 31 அன்று உதவிக் கப்பல்கள் நடுக்கடலில் தாக்கப்பட்டு உயிர்கள் போனபிறகுதான் அந்தப் பழைய பட்டியல் மாறியது. 'கிஷா' என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வாதாடி, 2012-இல் ஓர் ஆவணத்தை வெளியே கொண்டுவந்தது. காஸாவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,279 கலோரி, அதற்கு நாளொன்றுக்கு 106 லாரி என்று 2008-இல் போட்ட கணக்கு அதில் இருந்தது. அது வெறும் வரைவுதான், செயல்படுத்தவில்லை என்றார்கள். பிறர் வயிற்றுக்கு இவ்வளவு போதும் என்று அளந்து பார்க்கத் துணிந்ததே ஓர் அரசுக்கு இழுக்கு.

மருந்தை உள்ளே விடாதவர்கள் நோயாளியையாவது வெளியே விட்டார்களா? 2017-இல் சிகிச்சைக்காக வெளியேற விண்ணப்பித்தவர்களில் 54 விழுக்காட்டினருக்குத்தான் அனுமதி கிடைத்தது. அனுமதி மறுக்கப்பட்டோ தாமதமாகியோ 54 பேர் அந்த ஓராண்டில் இறந்தார்கள். அவர்களில் 46 பேர் புற்றுநோயாளிகள். அப்போதும் பாதுகாப்பு என்ற ஒரு சொல்தான் பதில். இப்போது சிரிஞ்சுக்கும் அதே சொல்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, எதிரி நாட்டுக் குடிமக்களுக்குப் போகும் மருந்துக்கும் மருத்துவமனைப் பொருளுக்கும்கூட வழிவிடச் சொல்கிறது. சோதனை செய்யும் உரிமையையும் தருகிறது. சோதனை என்ற பெயரில் மாதக்கணக்கில் முடக்கி வைக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. 2024 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் உதவிகள் போய்ச் சேர வழிசெய்யுமாறு உத்தரவிட்டது. 2025 அக்டோபர் 22 அன்று தந்த கருத்துரையிலும் அந்தக் கடமையை மீண்டும் நினைவூட்டியது. அதற்குப் பின்னும் பெட்டிகள் நகரவில்லை என்றால், இஸ்ரேலின் அதிகார நாற்காலிகளில் இருப்பவர்கள் நீதிமன்றத்தின் சொல்லைப் பொருட்படுத்தவில்லை என்றே பொருள்.

தமிழர்களுக்கு இந்தப் பட்டியல்கள் புதியவை அல்ல. 1990-களில் யாழ்ப்பாணத்துக்கு மின்கலம் போகக் கூடாது என்றது இலங்கை அரசு. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது ஒரு தலைமுறை. 2009-இல் வன்னியில் மயக்க மருந்தும் இரத்தப் பைகளும் போதாமல் மருத்துவர்கள் தவித்தார்கள். எந்த நாட்டு அதிகாரி எழுதினாலும், தடைப்பட்டியலின் கடைசி வரி ஒரு நோயாளியின் உடலில்தான் எழுதப்படுகிறது. அதை அனுபவித்தறிந்த மொழியில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2023 அக்டோபர் 22 அன்று ஆறரை டன் மருத்துவப் பொருள்களை எகிப்தின் எல் அரிஷ் வழியாக நாம் அனுப்பினோம். 2024 ஆகஸ்டில் உக்ரைனுக்கு நான்கு 'பீஷ்ம்' கையடக்க மருத்துவமனைகளைக் கொடுத்தோம். ஒவ்வொன்றும் சுமார் 200 பேருக்கு அவசர சிகிச்சை தரக்கூடியது. மின்சாரத்தையும் ஆக்சிஜனையும் ஓரளவுக்குத் தானே உருவாக்கிக்கொள்ளும். காயம்பட்டவன் இருக்கும் இடத்துக்கே மருத்துவமனையைத் தூக்கிச் செல்லும் அருமையான ஏற்பாடு. மின்னாக்கியையும் ஆக்சிஜன் உருளையையும் திருப்பி அனுப்பியவர்கள் அதைக் காஸாவுக்குள் விடுவார்களா? அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும் கடமையே. நட்பு நாடு என்பதால் கேட்கக் கூச வேண்டியதில்லை. நண்பன் கேட்டால்தான் காதில் ஏறும்.

உலக நாடுகள் ஒன்றாகக் குரல் கொடுக்க வேண்டும். கொடையளித்தவர்கள் தாங்கள் கொடுத்தது எங்கே நிற்கிறது என்று விடாமல் கேட்க வேண்டும். மருத்துவப் பொருள்களைச் சந்தேகத்தின் கண்கொண்டு பார்க்கும் இந்த வழக்கம் மாற வேண்டும். எதை, எப்போது, எந்த வழியாக என்பதை உரியவர்கள் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளின் வயது அதற்காகக் காத்திருக்காது. உரிய வயதில் போட வேண்டிய ஊசி அந்த வயதில் போடப்பட வேண்டும். ஊசி ஆயுதம் அல்ல. அந்தப் பெட்டிகளைத் திறந்துவிடுங்கள்.