செஞ்சிக் கோட்டையில் முதலில் பார்க்க வேண்டியது எது?

செஞ்சிக்குப் போய் வந்தேன் என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு கேள்வி வரும்: "ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறினியா?" ஏறியவன் வீரன், ஏறாதவன் சோம்பேறி! சுமார் 800 அடி என்பதால் அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கட்சி வேறு. உச்சிக்கு ஓடுவதற்கு முன் அடிவாரத்தில் இருக்கும் தானியக் களஞ்சியங்களைப் பாருங்கள். கோட்டையின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

வணிகவியல் படிக்கிறவன் புத்தி சரக்கறைப் பக்கம்தானே போகும் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு இந்தக் கணக்கையும் பாருங்கள்.

1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, 1690-ல் முகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. அது 1698 வரை இழுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நடுவில் பசியால் தவித்தது வெளியே நின்ற முகலாயர்கள்தான். மராட்டியக் குதிரைப்படை அவர்களுக்கு வரும் தானியத்தை மறித்துவிட, தளபதி சுல்பிகார் கான் 1693-ல் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கடைசியில் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார்.

அதே மதிலும் அதே மலையும் இருந்த கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். ஆக, கல் மட்டும் யாரையும் காப்பாற்றாது. ஆளும் அரிசியும் தண்ணீரும் வேண்டும்.

தண்ணீர் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். சுட்ட மண்ணின் மதிப்பு எங்களுக்குத் தெரியும். செஞ்சியின் கல்யாண மகாலுக்குத் தண்ணீர் வந்ததும் சுட்ட மண் குழாய்களில்தான். அந்தக் குழாயைச் செய்த குயவர் பெயர் நமக்குத் தெரியாது. ஓராண்டு கூட முழுதாக ஆளாமல் 1714-ல் போரில் மாண்ட தேசிங்கு ராஜன் பெயர் எல்லோருக்கும் தெரியும். தேசிங்கின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீரத்துக்குக் கதைப்பாட்டு இருக்கிறது, சோறு போட்டவர்களுக்கு ஒன்றுமில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. நல்ல செய்திதான். இனி கூட்டம் கூடும். வருகிறவர்களுக்கு ராஜாக்களின் பட்டியலை மட்டும் ஒப்பிக்காமல், நெல் எங்கே சேர்ந்தது, தண்ணீர் எப்படி ஏறியது என்றும் சொல்ல வேண்டும். அது தெரிந்தவன் களஞ்சியச் சுவரில் காதலி பெயரைக் கிறுக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

விருத்தாசலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறினால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். கையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம். பாதி மலையில் அது காலியாகும்போது, எட்டு வருஷம் தாக்குப் பிடிப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லாமலே புரியும்.