வரி குறைந்தது சரி. ஃபோர் வீல் டிராக்டர் உங்கள் நிலத்துக்குத் தேவையா?

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயர், டியூப், உதிரி பாகங்களுக்கு 18 சதவீதமாக இருந்த வரியும் 5 சதவீதமாகிவிட்டது. 45 ஹெச்.பி. டிராக்டருக்கு சுமார் 45,000 ரூபாயும், 50 ஹெச்.பி. டிராக்டருக்கு சுமார் 53,000 ரூபாயும் குறையும் என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் அப்போது கணக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "சார், ஷோரூமில் ஃபோர் வீல் டிரைவ் எடுக்கச் சொல்கிறார்கள். வரியில் மிச்சமான பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் போதும் என்கிறார்கள். எடுக்கலாமா?"

அந்த 'இன்னும் கொஞ்சம்' எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஒரே ஹெச்.பி.யில் டூ வீல் டிரைவுக்கும் ஃபோர் வீல் டிரைவுக்கும் உள்ள விலை வித்தியாசம் பொதுவாக ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை இருக்கிறது. சில மாடல்களில் அதற்கும் மேல். ஆக, வரியில் கிடைத்தது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில் பாதியைக்கூடத் தொடாது. மீதி உங்கள் கடனில்தான் ஏறும். 1,20,000 ரூபாய் கூடுதல் கடன், ஆண்டுக்கு 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தவணையிலும் ஏறக்குறைய 16,000 ரூபாய் அதிகம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 32,000 ரூபாய். முன் அச்சுக்காக மட்டும் கட்டும் பணம் இது. இதை உங்கள் நிலம் திருப்பித் தருமா என்பதுதான் கேள்வி.

முன் சக்கரம் எதற்கு இழுக்க வேண்டும்?

டூ வீல் டிரைவ் டிராக்டரில் இழுப்பது பின் சக்கரங்கள் மட்டுமே. முன் சக்கரத்துக்கு வேலை, திருப்புவது. வண்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முன் அச்சில் நிற்கிறது. அந்த எடை இழுவைக்கு உதவாமல் சும்மா உருண்டு வருகிறது. ஃபோர் வீல் டிரைவில் அந்த எடையும் மண்ணைப் பிடித்து இழுக்கும். சக்கரம் வழுக்குவது குறையும். வரப்பு ஏறும்போது முன்பக்கம் தூக்குவதும் குறையும். இஞ்சின் சக்தி கூடுவதில்லை. இருக்கும் சக்தி வீணாகாமல் மண்ணுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இழுவை வேலை செய்பவருக்குத்தான் இதில் லாபம். உளிக்கலப்பை, சட்டிக்கலப்பை, இறக்கைக்கலப்பை, ஆழமாகப் போகும் கல்டிவேட்டர், தோட்டத்துக்குள் பாரம் ஏற்றிய டிரெய்லர் எல்லாம் இழுவை வேலைகள். ரோட்டவேட்டர் அப்படியல்ல. அது பி.டி.ஓ. சக்தியில் சுழல்கிறது, அதன் கத்திகள் மண்ணை வெட்டிப் பின்னால் தள்ளும்போது டிராக்டரை முன்னால் தள்ளிவிடுகின்றன. காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டருக்கு இழுவைத் தேவை மிகக் குறைவு. நம் ஊரில் பல சிறு விவசாயிகளின் டிராக்டர் ஆண்டு முழுவதும் செய்வது ரோட்டவேட்டர் ஓட்டுவதும் டிரெய்லர் இழுத்துத் தார்ச்சாலையில் போவதும்தான். இந்த இரண்டுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வாங்குவது, மழையே வராத ஊரில் குடை வாங்கி வைப்பது போல.

வழுக்கலை நீங்களே அளந்து பாருங்கள்

இப்போது டிராக்டர் வைத்திருப்பவர்கள் யாரிடமும் கேட்காமல் இதைச் சோதிக்கலாம். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே வயலில், சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, போன தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதபடி பத்துச் சுற்று போங்கள். சும்மா போனபோது 40 மீட்டர், உழுதபோது 34 மீட்டர் என்றால் 6 மீட்டர் வழுக்கலில் போயிற்று. அதாவது 15 சதவீதம்.

டூ வீல் டிரைவுக்கு 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது சரியான அளவு. ஃபோர் வீல் டிரைவுக்கு 8 முதல் 12. உங்கள் அளவு 15-க்குள் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 25-ஐத் தொட்டால் டயரும் டீசலும் வீணாகின்றன என்று பொருள். அப்போதும் ஷோரூமுக்கு ஓட வேண்டாம். தேய்ந்த டயரா என்று பாருங்கள். பின் சக்கரத்தில் எடைக்கட்டிகள் மாட்டிப் பாருங்கள். டியூபில் தண்ணீர் நிரப்பும் முறை பழையதுதான். வால்வை மேலே வைத்து அந்த மட்டம்வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும், ஒரு டயருக்கு 150 கிலோவுக்கு மேல் எடை கூடும். உலர் நில உழவுக்கு இது போதுமான நிவாரணம். சேற்று வயலுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே எடை கூடினால் வண்டி இன்னும் ஆழமாக இறங்கும்.

டீசல் மிச்சமாகும் என்ற கணக்கு

ஃபோர் வீல் டிரைவில் டீசல் மிச்சமாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் எவ்வளவு? 25 சதவீத வழுக்கல் 12 சதவீதமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஏக்கரை உழ ஆகும் நேரம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். ஏக்கருக்கு 5 லிட்டர் ஆகும் இடத்தில் முக்கால் லிட்டர் மிச்சம், 70 ரூபாய். ஆண்டுக்கு 32,000 ரூபாய் தவணையை டீசல் மிச்சத்தில் மட்டும் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 450 ஏக்கர் உழ வேண்டும். சொந்தத்தில் 5 ஏக்கர் வைத்திருப்பவர், எத்தனை சால் ஓட்டினாலும் அந்தக் கணக்கு வராது.

வாடகைக்கு ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. மழை பெய்து நின்ற மறுநாள் மற்ற வண்டிகள் வயலில் இறங்கத் தயங்கும்போது உங்கள் வண்டி இறங்குமானால், அந்த நாள் உங்களுக்குக் கூடுதல் நாள். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை, அதில் டீசல், டிரைவர் கூலி, தேய்மானம் போக 500 ரூபாய் நிற்கிறது என்றால், 64 மணி நேரம் கூடுதலாக ஓடினால் தவணை வந்துவிடும். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 8 நாள். (உங்கள் ஊர் வாடகையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் போடுங்கள், என் எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.) ஆகவே 'எத்தனை ஏக்கர், எத்தனை ஹெச்.பி.' என்று கேட்பதைவிட, 'போன ஆண்டு ஈரத்தால் எத்தனை நாள் என் வண்டி சும்மா நின்றது?' என்று கேட்டுப் பாருங்கள். எட்டு, பத்து நாள் என்று கை விரலில் எண்ண முடிந்தால் ஃபோர் வீல் டிரைவ் உங்களுக்குப் பொருந்தும்.

எந்த மண்ணுக்கு எது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பகுதிகளில்தான் இதற்கு உண்மையான தேவை இருக்கிறது. குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவுக்குக் கிடைக்கும் இடைவெளி சில வாரங்கள்தான். அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். சேற்று உழவில் ரோட்டவேட்டர் வண்டியைத் தள்ளினாலும், சேறு சக்கரத்தை உள்ளே இழுக்கிறது. கேஜ் வீல் மாட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் வயலுக்கு வயல் அதைக் கழற்றி மாட்டும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கழற்றாமல் அப்படியே தார்ச்சாலையில் ஓட்டிச் சாலையைக் கீறுவது வேறு பிரச்சினை. நடுத்தர ஆழமுள்ள சேற்றில் ஃபோர் வீல் டிரைவ் கேஜ் வீல் இல்லாமலேயே சமாளிக்கும். ஆழச் சேற்றுக்கு அதற்கும் கேஜ் வீல் வேண்டும். அதை மறைத்து விற்பவரை நம்பாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டைச் செம்மண்ணில் மழை விட்ட ஒன்றிரண்டு நாளில் நிலம் கால் வைக்கத் தயாராகிவிடும். அங்கே டூ வீல் டிரைவே பெரும்பாலானவர்களுக்குப் போதும். பொள்ளாச்சி தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் திரும்ப வேண்டியிருக்கிறது. பெரிய ஃபோர் வீல் டிரைவுக்குத் திரும்பும் வட்டம் அதிகம். அங்கே தேவைப்பட்டால் 30 ஹெச்.பி.க்குக் கீழான மினி டிராக்டர்களில் ஃபோர் வீல் டிரைவ் பாருங்கள். கொல்லிமலை, ஏற்காடு போன்ற சரிவுகளில் காரணம் வேறு. பல டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். ஃபோர் வீல் போட்டு இறங்கும்போது முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது. இழுவையை நான் இங்கே கணக்கில் சேர்க்கவே மாட்டேன். உயிர்ப் பாதுகாப்புக்காகவே வாங்கச் சொல்வேன்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல்தான் எனக்குக் கவலை தரும் இடம். கரிசலில் உளிக்கலப்பை ஓட்ட நல்ல இழுவை வேண்டும். அதற்கு ஃபோர் வீல் டிரைவ் கைகொடுக்கும். ஆனால் அதே வண்டி, பதம் வராத ஈர மண்ணிலும் இறங்கிவிடும். டூ வீல் வண்டி வழுக்கி நின்று, 'இன்று வேண்டாம், நாளை வா' என்று சொல்லும். ஃபோர் வீல் வண்டி அப்படிச் சொல்லாது. ஈரக் கரிசலில் ஓட்டினால் உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகி, அடித்தட்டுப் பாறை போலாகிவிடும். வேர் இறங்காது, மழைநீரும் இறங்காது. அதை உடைக்க மறுபடி உளிக்கலப்பை ஓட்ட வேண்டும். கலப்பை இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து விரலுக்கிடையே உருட்டுங்கள். திரியாக நீண்டால் வண்டியை வீட்டுக்குத் திருப்புங்கள், எத்தனை வீல் இருந்தாலும்.

சிக்கிய வண்டியை எடுக்கும்போது

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சேற்றில் சிக்கிய டிராக்டரின் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கயிற்றால் கட்டி, முன் கியரில் வேகம் கொடுத்து வெளியே எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் வயலிலும் செய்திருக்கிறார்கள். கட்டை தடுத்துச் சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும்போது, சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடல் பின் அச்சைச் சுற்றி மேலே எழும். முன்பக்கம் தூக்கி ஓட்டுநர் மேல் கவிழ ஓரிரு நொடி போதும். குதிக்க நேரம் இருக்காது. ஃபோர் வீல் டிரைவிலும் இது நடக்கும். சிக்கினால் கலப்பையைக் கழற்றுங்கள், சக்கரத்தின் பின்னால் மண்ணை வெட்டிச் சரிவு எடுங்கள், மெதுவாகப் பின் கியரில் வாருங்கள். வரவில்லையென்றால் வேறு வண்டி வைத்து இழுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் மாட்டினால் அந்த வண்டியும் கவிழும்.

வாங்கிய பிறகு

ஃபோர் வீல் லீவரைப் போட்டபடியே தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கலில் கழிந்துவிடும். தார்ச்சாலையில் கழியாது, முன் டயர் தேயும், கியர் பற்களில் அழுத்தம் ஏறும். முன், பின் டயர் அளவுகளும் இந்தக் கணக்கோடு பொருத்தப்பட்டவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவு மாற்றி ஒரு ஜோடியை மட்டும் போட்டால் அச்சு கெடும். முன் அச்சின் டிஃபரென்ஷியலுக்கும் இரு பக்க ஹப்புக்கும் தனி ஆயில் உண்டு. சர்வீஸில் அதை மாற்றினார்களா என்று கேளுங்கள். மறந்துவிடுகிறார்கள்.

பிக்கப் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு வண்டிகளுக்கும் அதே நாளில் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. காய்கறி, வாழை ஏற்றும் பிக்கப் வயலில் சிக்குவது பெரும்பாலும் காலியாக உள்ளே போகும்போதுதான். பின் அச்சில் எடை இல்லாததே காரணம். இரண்டு மூட்டை மணல், நல்ல பட்டன் உள்ள பின் டயர், வயல்வரை ஒரு லோடு கிராவல் இவற்றுக்கு ஆகும் செலவு, ஃபோர் வீல் பிக்கப்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் சிறு பகுதிதான். மலைத்தோட்டம் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

விலைப் பட்டியல் வாங்கும்போது, ஒரே ஹெச்.பி.யில் இரண்டு வகைக்கும் வரிக்கு முந்தைய விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வரி குறைந்த பிறகு அடிப்படை விலை ஏறியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். மானியத்தில் வாங்குவதாக இருந்தால், இரு வகைக்கும் உச்சவரம்பு வேறு. உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். செயல்விளக்கத்துக்கு வண்டி கொண்டுவருகிறோம் என்றால், ஷோரூம் வாசலிலோ காய்ந்த மைதானத்திலோ வேண்டாம். மழை விட்ட மறுநாள், உங்கள் வயலில், உங்கள் கலப்பையோடு வரச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் கையில் இருக்கட்டும்.