நடிப்பன்று தோழர்களே, நோவு!

மேடையிலே நடிகன் வீழ்கிறான். நெஞ்சைப் பற்றிக்கொண்டு துடிக்கிறான். கொட்டகை முழுவதும் கண்ணீர் வடிக்கிறது. திரை விழுகிறது. உடனே அவன் எழுகிறான், அரிதாரத்தைக் கலைக்கிறான், "தேநீர் எங்கே?" என்கிறான். அது நடிப்பு! திரை விழுந்ததும் தீர்ந்துபோகும் துன்பம்.

திரையே விழாத துன்பம் ஒன்றுண்டு, தோழர்களே! முதுகிலே, கழுத்திலே, மூட்டிலே குடியேறி, ஆண்டுக்கணக்கில் அகலாதிருக்கும் நோவு. எக்ஸ்ரே எடுக்கின்றனர், எலும்பு முறியவில்லை. குருதியைச் சோதிக்கின்றனர், குறையேதும் காணவில்லை. "உடம்பில் ஒன்றுமில்லை" என்கிறார் மருத்துவர். "வேலைக்கு அஞ்சிய பாசாங்கு" என்கிறார் முதலாளி. "முன்வினைப் பயன்" என்கிறார் புராணிகர். "எந்நேரமும் முனகல்தானா?" என்கின்றனர் வீட்டார். தீர்ப்புகள் நான்கு, மருந்து ஒன்றுகூட இல்லை!

மருத்துவம் கற்றவனல்லன் நான். கல்லூரியையே பாதியில் விட்டவன். எனினும் நடிப்பு எது, நோவு எது என்பதை நாடகக்காரன் அறிவான். கற்றோர் கண்டதைக் கூறுகிறேன், கேளுங்கள்.

காலில் நெருப்புப் பட்டால், நரம்பு என்னும் கயிறு இழுபட்டு மூளையிலே மணி அடிக்கிறது என்றார் தெக்கார்த். 1664-இல் வெளிவந்த அவர் நூல் சொன்ன அந்தக் கணக்கின்படி, காயமிருந்தால் வலி, காயமில்லையேல் வலியில்லை. 1965-இல் மெல்சாக், வால் எனும் அறிஞர் இருவர் அந்தக் கணக்கைத் திருத்தினர். வழியிலே, முதுகுத் தண்டிலே, ஒரு கதவு உண்டு. மூளையின் கட்டளைக்கும் அக்கதவு திறக்கும், மூடும் என்றனர். இன்று, வலியை ஆராயும் பன்னாட்டுக் கழகம் தன் இலக்கணத்திலேயே, வலி என்பது உடலின் உணர்வு மட்டுமன்று, உள்ளத்தின் அனுபவமும் ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் உள்ளத்தில் விழுந்த புண், உடலிலே நோவாகப் பேசுமா? பேசும்! கள்வன் வந்துபோன வீட்டுக் காவலன், பிறகு காற்று அசைந்தாலும் கூச்சலிடுகிறானே, அதுபோல! அச்சத்தையும் அவமானத்தையும் கண்ட மூளை, ஆபத்து அகன்ற பின்னும் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருக்கக்கூடும். சங்கொலி பொய்யன்று. அதைக் கேட்பவன் படும் பாடும் பொய்யன்று.

இதனை அறியாமற் போனதற்கு உலகம் கொடுத்த விலையைப் பாருங்கள். 1914-இல் மூண்ட பெரும்போரில், காயமே இல்லாத வீரர்கள் கை நடுங்கினர், வாய் பேசாதாயினர், நடக்க இயலாதாயினர். 1915-இல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் இதனைக் குண்டதிர்ச்சி என்று ஏட்டிலே எழுதினார். ஆயினும் கோழைத்தனம், ஓட்டம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றவருள் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. உள்ளம் உடைந்தோரும் அவர்களிலே இருந்தனர். மன்னிப்பு வந்தது; மாண்டவர் வந்தனரா?

பிறகு மருந்து வணிகன் வந்தான். அமெரிக்காவில் 1996-இல் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை மாத்திரையை விற்பனைக்கு விட்டது. அடிமையாக்கும் தன்மை குறைவு என்று பொய்யுரைத்து விற்றதை 2007-இல் நீதிமன்றத்தில் அதுவே ஒப்புக்கொண்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும், கள்ளச்சரக்கும் சேர, அபின் வகைப் பொருள்களால் அந்நாட்டிலே மடிந்தோர் 80,000-க்கும் மேல்! நோவுக்கு மருந்து என்றார்கள், நோயாளியையே விழுங்கிவிட்டது!

அதே அமெரிக்காவிலே வேறொரு வழியும் பிறந்தது. மார்க் லம்லி, ஹோவார்ட் ஷுபினர் இருவரும் வகுத்த பேச்சு மருத்துவம் அது. நெஞ்சிலே புதைத்த கொடுமையை நினைவுக்குக் கொணர்வது. விழுங்கிய சினத்தை, துயரத்தை, குற்ற உணர்வை வாய்விட்டு உரைப்பது. வலிக்கும் அவற்றுக்கும் உள்ள உறவை உணர்வது. முன்னாள் படைவீரர்களுக்கான மேற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு மருத்துவ நிலையத்தில், 60 முதல் 95 வயதுவரை உள்ள 126 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2024-இல் வெளிவந்தது. வலி 30 விழுக்காடாவது தணிந்தவர் இதிலே நூற்றுக்கு 63 பேர். வழக்கமாகத் தரப்படும் மற்றொரு உளச்சிகிச்சையிலே நூற்றுக்கு 17 பேர். போரின் புண் உள்ளத்தில் ஆழப் பதிந்தவர்களுக்கே பயன் மிகுதியாக இருந்தது!

எல்லா நோவுக்கும் இதுவே மருந்து என்று நான் கூறவில்லை. முறிவா, கட்டியா, கிருமியா என்று முதலில் முறைப்படி சோதித்தாக வேண்டும். ஓர் ஆய்வு ஊர்முழுதும் குணமாக்கிவிடாது. நூற்றுக்கு 37 பேருக்கு அந்த அளவு தணியவில்லை என்பதும் அதே ஏட்டிலுள்ள உண்மை.

நான் அஞ்சுவது வேறொன்று. "உள்ளத்தில்தானே காரணம்? உழைப்பாளிக்கு இழப்பீடு எதற்கு? படைவீரனுக்கு உதவித்தொகை எதற்கு?" என்று கணக்கன் பேரேட்டை மூடுவான்! மூட விடலாமா? உள்ளத்தைப் புண்ணாக்கியது யார்? போருக்கு அனுப்பியவர் யார்? பட்டினி போட்டவர் யார்? புண் உடலிலே பட்டால் கடன், உள்ளத்திலே பட்டால் கழிவு என்பது எந்த ஊர் நீதி?

ஆகவே நாம் கேட்போம்: இந்த மருத்துவம் மாளிகைவாசிக்கு மட்டும் மணிக்கணக்கில் விற்கும் சரக்காகக் கூடாது, அரசு மருத்துவமனையிலே, ஏழைக்கும் இலவசமாக, அவன் மொழியிலே கிடைக்க வேண்டும்!

அதுவரை நம்மாலாவது ஒன்றுண்டு. கூட்டம் முடிந்து திரும்புகையில் நம் தோழர் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தால், "எக்ஸ்ரேயில் என்ன வந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன நேர்ந்தது, அண்ணே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அருகே அமருங்கள்.